ஆறாம் பீட்டின் நாற்பத்தொரு வீடுகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொடுகிறேன். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, இரண்டு நாள் பேச முடியாமல் சைகையிலேயே அதிகாரம் செய்தார், வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா, அந்தப் பல் டாக்டருக்கு ஒரு கும்பிடு போடலாம். மருமகளிடம் இருமலை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று சொல். போனில் சொல்லாமல் ஏன் இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் ஆரம்பித்தால் பயப்படாதேம்மா என்று நீ பாதியில் சொல்வாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். இதை நீ கடைசிவரை படிக்க வேண்டும்.

தலைமை அஞ்சலகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பின்னறையில் கூரை முட்டப் பழைய பதிவேடுகள், அதையெல்லாம் கழித்துப் போடும் முன் எந்தெந்த ஊருக்குத் தபால் போய்க்கொண்டிருந்து நின்றுபோனது என்று ஒரு பட்டியல் வேண்டுமாம். முப்பத்திரண்டு வருஷம் அங்கே தபால் பிரித்தவள் என்று அதிகாரி என்னைக் கூப்பிட்டார். தும்மித் தும்மி இடுப்பே கழன்றுவிட்டது, ஆனாலும் வேலை பிடித்திருந்தது. ஓர் ஊர் அப்படியே மலைக்கு அந்தப் பக்கம் குடிபெயர்ந்திருக்கிறது, விலாசம் மாற்றச் சொல்லி இருபத்தாறு வீட்டுக்கும் ஒரே கையெழுத்தில் இருபத்தாறு மனு, கடைசி மனுவில் எங்கள் தபால்காரரையும் கூடவே அனுப்பி வைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் பட்டியலில் ஏற்றினேன்.

அதற்கு அடுத்த பதிவேட்டுக் கட்டில் ஆறாம் பீட் இருந்தது. ஒரு தபால்காரர் நடக்கிற வழியைத்தான் பீட் என்போம், உனக்குத் தெரியும். அந்த வழியின் கடைசியில் நாற்பத்தொரு வீடுகள் உள்ள ஓர் ஊர். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பதிவேடு, பட்டுவாடா ஆகாமல் திரும்பிய கடிதங்களுடையது. முதல் வருஷம் இரண்டு கடிதங்களுக்கு எதிரே விலாசதாரர் இறந்துவிட்டார் என்றிருந்தது. எந்த ஊரிலும் நடப்பதுதானே என்று தாளைத் திருப்பினேன். அடுத்த வருஷம் ஒன்பது. அதற்கடுத்த வருஷம் பதினேழு, அதில் பலவும் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் பேருக்கு வந்தவை. பிறகு வீடு பூட்டியிருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது என்று பக்கம் பக்கமாக. கடைசியில் ஒரே வரி, அப்படி ஓர் இடம் இல்லை. பதினோரு வருஷம் அந்த ஊருக்கு நடந்த அதே தபால்காரரின் கையெழுத்து.

அவர் இன்னும் இருக்கிறார் என்று விசாரித்ததில் தெரிந்தது, பஸ் டிப்போவுக்குப் பின்னால் மகள் வீட்டில். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம், நினைவு மட்டும் கத்தி மாதிரி. பதிவேட்டை மடியில் வைத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். படிக்கத் தேவையில்லம்மா, நான்தானே எழுதினேன் என்றார். ஊருக்கு மேலே கல்லை உருக்கி ஈயம் எடுக்கிற கொட்டகை இருந்ததாம், அதன் கழிவெல்லாம் பள்ளத்தில் கொட்டினார்களாம். கெணத்துத் தண்ணி இனிக்கும்மா, ஒரு தடவ குடிச்சேன், அப்புறம் தொடல, ஆனா குடிக்காதீங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல, எனக்கே தெரியாதே என்றார். பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, பிறகு பெரியவர்களுக்கும் மணிக்கட்டு துவண்டு கையில் எதுவும் நிற்காது, ஈறு ஓரமாக நீலமாய் ஒரு கோடு. கொட்டகைக்காரர்கள் சொல்லி தபால் மேலதிகாரி வந்து, இறந்துட்டார் இறந்துட்டார்னு எழுதாதய்யா, அப்படி ஒரு இடமே இல்லன்னு எழுது என்றாராம். எழுதிட்டேன் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அந்த ஊர் எங்கே இருந்தது என்று கேட்டேன். வாய்க்கால் வளைவு, இரட்டைப் பாறை, அதுக்குக் கீழ என்றார்.

அது உன் அக்கா குடியேறியிருக்கிற புதுக் குடியிருப்பு, தம்பி. ஒன்பது மாதமாக அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தேன் மாதிரி இருக்கு அத்தை, சுத்தம் பண்ற மெஷின் எதுவும் வேண்டாம் என்று உன் அத்தான் என் கையிலேயே ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார், நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். குட்டி சாப்பிட மாட்டேன் என்கிறாள், வயிறு வலிக்குது என்று பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று உன் அக்கா குறைப்பட்டுக்கொண்டாள். குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப்போய் உதட்டை விலக்கிப் பார்த்தேன். முதலில் நிழல் என்று நினைத்தேன். விரலால் துடைத்தேன், போகவில்லை. உன் அத்தான், பழைய காகிதத்தப் பாத்துட்டு வந்து குடும்பத்தக் கலைக்கிறீங்களா என்று குரலை உயர்த்தினார். நான் குழந்தையின் செருப்பை எடுத்து மாட்டிவிட்டேன். உன் அக்கா ஒரு நிமிஷம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பையை எடுத்து வந்துவிட்டாள். இரண்டு பேரும் இப்போது இங்கேதான். ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது, குட்டிக்கு இருக்கக்கூடாத அளவு ஈயம் இருக்கிறது, உன் அக்காவுக்குக் கொஞ்சம் குறைவு. குட்டி பிழைத்துக்கொள்வாள், ஆனால் நீண்ட நாள் மருந்தும் கவனிப்பும் வேண்டும் என்கிறார் டாக்டர். இன்னும் ஒரு வருஷம் குடிச்சிருந்தா என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அங்கே இன்னும் அறுபது குடும்பம் இருக்கிறது. சுகாதார அலுவலகத்தில் மனு கொடுத்தேன், பார்க்கிறோம் என்றார்கள். வீடு வீடாகப் போனேன், சிலர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். வியாழக்கிழமை மனைகளை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதை, செருப்பைக் கூட வெளியே விட்டுவிட்டு வந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார், அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று நாங்கள் மனுவில்கூட எழுதவில்லையே, யாருக்கும் சொல்லவும் இல்லையே. உங்க பையன் வெளியூர்லதானே, எந்தக் கம்பெனி என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பல் வலிக்கிறது என்று வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கு மறுநாள் அஞ்சலகத்துக்குப் போனால் ஆறாம் பீட் கட்டை மட்டும் காணோம், யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், அதிகாரி என் கண்ணைப் பார்க்கவில்லை. நல்லவேளை, நான் முன்பே வரி விடாமல் கையால் நகல் எழுதி வைத்திருந்தேன். ஒரு பிரதி இதோடு வருகிறது, பத்திரமாக வை, நீயும் நாலு பிரதி எடு.

தபால்காரப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். ஞாயித்துக்கெழம எல்லாரும் வீட்ல இருப்பாங்க இல்ல, என்னக் கூட்டிட்டுப் போம்மா, நான் பொய் எழுதினேன்னு என் வாயாலயே சொல்றேன் என்றார். கூட்டிப்போகிறேன். அப்பா வேண்டாம் என்கிறார், ஆனால் குடையைத் துடைத்து வாசலில் வைத்திருக்கிறார், அவரும் வருவார் போலிருக்கிறது. என்ன நடக்கும் என்று தெரியவில்லை. நீ பதறி ஓடி வராதே.

கடிதம் கிடைத்த உடனே உன் அத்தானைக் கூப்பிட்டுப் பேசு. என் பேச்சு அவருக்கு ஏறாது, நீ சொன்னால் கேட்பார். இன்னும் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், வீம்புக்காகவே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார். நேற்று போனில் குட்டியோடு பேசும்போது கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்துவிட்டது என்றார். கை வழுக்கிடுச்சு என்று சிரித்தார்.

நீயும் மருமகளும் நூறு வயது நன்றாக இருங்கள்.

உங்கள் நினைவாகவே இருக்கும்
அம்மா