பெயர் தெரியாத கருவி

மார்ச் 4, செவ்வாய்

நாங்கள் அலுவலகத்தில் இருந்து கண்காணிக்கும் பேலியகொடை மீன் சந்தையின் குளிர் அறை ஒன்று இன்று திரையில் விசித்திரமாக நடந்துகொண்டது. ஒரு நிமிடம் மைனஸ் பதினெட்டு. அடுத்த நிமிடம் மைனஸ் நான்கு. மறுபடி பதினெட்டு. ஓர் அறை இவ்வளவு வேகமாக உறைந்து உருகுமா? அந்த அறையில் வெப்பநிலை பார்க்க நாங்கள் பூட்டிய கருவியின் எண்ணைப் பார்த்தேன்: ஆறு பூச்சியம். அப்படி ஓர் எண்ணை நாங்கள் எந்தக் கருவிக்கும் கொடுத்ததில்லை. அதையே யோசித்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்ததில் வெள்ளவத்தையில் இறங்காமல் தெகிவளை வரை போய்விட்டேன்.

மார்ச் 5, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒவ்வொரு கருவியின் எண்ணும் உள்ளே ஒரு சின்னச் சிப்பில் எழுதியிருக்கும். சிப்பை வாசிக்க முடியாவிட்டால் கருவி நின்றுவிடக்கூடாதென்று, மாற்று எண்ணாக ஆறு பூச்சியத்தைக் கொடுக்கும் வரி ஒன்று எங்கள் நிரலில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. எழுதியது நான்தான். இரண்டு கருவிகளின் சிப் ஒரே காலத்தில் போகலாம் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை?

இது ஓர் அறை இல்லை. ஒரே பெயரைச் சொல்லும் இரண்டு அறைகள். ஒன்று குளிர்கிறது, மற்றது சூடாகிறது. பத்து நிமிடம் தொடர்ந்து சூடேறினால்தான் எங்களுக்கு அபாயச் சத்தம் வரும், நாங்களும் அறைக்காரருக்குச் சொல்வோம். நல்ல அறை இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் கணக்கை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பட்டியலில் இரண்டு அறைகள் "தொடர்பில்லை" என்று கிடந்தன. கரண்ட் போயிருக்கும் என்று எல்லோரும் விட்டிருந்தோம். ஒன்று மீன் வியாபாரி றேமண்ட் அண்ணாவுடையது. ஃபோனில் கோல் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. கூட வேலை செய்யும் இன்ஸாபுடன் த்ரீவீலில் போனேன்.

கதவு ரப்பர் கிழிந்திருந்தது. மேல் தட்டு மீனெல்லாம் விரல் வைத்தால் அமுங்கியது.

"சூடேறுதெண்டு நீங்கள் முந்தியே கோல் எடுக்கேல்லை. அதாலதான் திறந்து பாக்கேல்லை, பிள்ளை" என்றார் றேமண்ட் அண்ணா. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 7, வெள்ளி

சிப்பைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். ஓர் உலோகக் கால் பச்சையாக அரித்துப்போய், தொட்டதும் விழுந்தது. உப்புக் காற்று! மற்றதிலும் அதே கால். ஏன் அதே கால்? வெட்கக்கேடு, இவ்வளவு நடந்த பிறகும் அதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

எங்கள் முதலாளி சிவபாலன் சேர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "ரப்பர் கிழிஞ்சதுதானே, சுபாஷினி. அதோட விடுவம், எங்கட கருவியைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் தலையாட்டினேன்?

மார்ச் 8, சனி

நித்திரை சரியில்லை.

மார்ச் 10, திங்கள்

எண் தெரியாத கருவியை நிறுத்திவிடுவதே நல்லது என்கிறார் இன்ஸாப். நிறுத்தினால் அந்த அறையை யார் பார்ப்பது? பொய்ப் பெயர் சொல்வது மோசமா, பேசாமல் இருப்பது மோசமா?

பின்னேரம் விடை கிடைத்தது. கருவியின் மூளைச் சிப்பில் ஓர் எண் இருக்கிறது. அதைச் செய்த தொழிற்சாலையிலேயே பதித்தது, ஒன்றைப் போல் இன்னொன்று இராது. இனி மாற்று எண் அதுதான். கூடவே ஓர் அடையாளமும்: "என் பெயர் தெரியாது, ஆனால் நான் வேறு ஆள்."

மார்ச் 12, புதன்

றேமண்ட் அண்ணாவிடம் போனேன். சேரிடம் அனுமதி கேட்கவில்லை, போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ரப்பர் கிழிந்தது உண்மை, ஆனால் எங்கள் கருவி சொல்லியிருக்க வேண்டும், அதன் நிரலில் பிழை என்றேன்.

"அதை ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணா."

அவர் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இனி அது எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மார்ச் 19, புதன்

எல்லாக் கருவிகளுக்கும் புதிய நிரல் போய்விட்டது. சேர் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் சந்தையில் கரண்ட் போய் வந்தது. மூன்று அறைகள் தொடர்பில்லை. அவற்றில் ஒன்று மட்டும் பெயர் தெரியாத அடையாளத்தோடு பேசுகிறது. எது?

வெட்கத்தை விட்டு றேமண்ட் அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன். ஒவ்வொரு அறையிலும் சென்சரைக் கைக்குள் பொத்திப் பிடிக்கிறேன், கைச்சூட்டில் எது ஏறுகிறது என்று நீ திரையைப் பார் என்றார். யோசனை அவருடையது. முதல் அறை, ஒன்றுமில்லை. இரண்டாவதில் வெப்பக் கோடு மெல்ல ஏறியது.

"ஏறுது அண்ணா. விடுங்கோ, கை விறைக்கும்."

"பொறு பிள்ளை" என்றார். "இன்னும் கொஞ்சம் பிடிக்கிறன். வடிவாப் பாத்துச் சொல்லு."