வெள்ளைக் கல் வைக்காத கொல்லை

அனுப்புநர்:
இ. மதலேனம்மாள், க/பெ. சவரி,
மேட்டுக்கொல்லை கிராமம்,
காரிமங்கலம் வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: கானமயில்களைச் சட்டவிரோதமாகச் சுட்டுக் கொல்வது – எஞ்சியுள்ள பேடைக்கும் முட்டைக்கும் காவல் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி கிராமத்தில் மானாவாரியாகக் கொள்ளும் சாமையும் பயிரிட்டு வருகிறேன். எங்கள் மேட்டுப் புல்வெளிக்கு மழைக்காலந்தோறும் கானமயில்கள் வந்து, வெறுந்தரையில் ஒற்றை முட்டையிடும். கூடு கட்டும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. ஆட்டுக்கடா உயரம் நிற்கும் பறவைக்கு இத்தனை அசட்டையா என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு. கேலி பேசிக்கொண்டே காப்பாற்றியும் வந்தோம்.

2. உழும்போது முட்டை தென்பட்டால் ஏரைத் திருப்பி, ஒரு கட்டில் அகல நிலத்தை உழாமல் விட்டுவிடுவோம். சுற்றிலும் சுண்ணாம்பு பூசிய கற்களை வைப்போம். மாடு மேய்ப்பவர்கள் அதைக் கண்டு ஒதுக்கி ஓட்டிப்போவார்கள். கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர் எல்லாருக்கும் இது பொது வழக்கம்.

3. சென்ற ஆண்டு ஆவணியில் வெளியூர்க்காரர்கள் சிலர் துப்பாக்கிகளுடன் ஜீப்பில் வந்தனர். முயல் வேட்டை என்றார்கள். பக்கத்து நிலத்துக்காரர் சென்னப்பன் அவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்து, "வெள்ளக் கல்லு இருக்கற பக்கம் மட்டும் வண்டிய வுடாதீங்க சார், பறவ அடையில ஒக்காந்திருக்குதுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஜீப் நேரே அங்கேதான் போனது. அடைகாக்கும் பேடை ஆள் நெருங்கினாலும் சட்டென எழாது. மேட்டில் மற்றக் கொல்லைகளிலும் வெள்ளைக் கற்கள் இருந்தன. ஆகவே அன்று அவர்களுக்குத் தேடும் வேலையே இருக்கவில்லை.

4. சென்னப்பனின் மனைவி சாலம்மாள், அநாதையாகக் கிடந்த முட்டையை எடுத்துவந்து நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பார்த்தார். அது கூமுட்டையாகிவிட்டது. இது குறித்து ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னபோது, கோழி செத்ததற்கெல்லாமா புகார் என்று சிரித்தார்கள். நாங்களும் திரும்பி வந்துவிட்டோம். அன்றே எழுத்தில் கொடுக்காமல் போனோமே என்று இப்போது மிகவும் வருந்துகிறேன்.

5. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் இனத்தில் பேடைகளை ஒரே பகலில் சுட்டுத் தள்ளினால் அது எப்படிப் பெருகும்? இவ்வாண்டு ஆண்பறவை தன் பழைய இடத்தில் நின்று, கழுத்துப் பையை உப்பவைத்துப் பல நாட்கள் கூவியது. வந்த பேடை ஒன்றே ஒன்று. வெட்டுக்கிளிகள் மட்டும் குறைவின்றிக் கொள்ளைத் தின்கின்றன.

6. அந்தப் பேடை என் நிலத்தில்தான் முட்டையிட்டிருக்கிறது. நான் வெள்ளைக் கல் வைக்கவில்லை. கல் இல்லாததால் மாடுகள் வருகின்றன. நானே பகலெல்லாம் நின்று விரட்டுகிறேன். காரணம் சொல்ல முடியாததால், புல்லுக்குக்கூடக் கஞ்சம் பிடிப்பவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பறவை வந்ததா என்று சென்னப்பன் ஒருமுறை கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது எனக்கு இன்னமும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

7. அதே ஜீப்காரர்கள் கடந்த வாரச் சந்தையில் எங்கள் ஊர் ஆட்களிடம் மேட்டைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். ஆகவே, குஞ்சு பொரித்து நடமாடும்வரை ஒரு காவலரை அனுப்பவும், துப்பாக்கியுடன் வருவோர்மீது வன உயிரினச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கவும் தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

8. முட்டை எந்த மூலையில் இருக்கிறது என்பதை இதில் எழுதவில்லை, பொறுத்தருள வேண்டும். மனு பல கைகள் மாறி வரும். தாங்கள் அனுப்பும் காவலருக்கு நேரில் காட்டுகிறேன். அவர் ஜீப்பில் வந்தால் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். ஜீப் சத்தம் கேட்டால் சென்னப்பன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இடம்: மேட்டுக்கொல்லை
நாள்: 27.8.1984

தங்கள் ஆளை எதிர்பார்த்து,
இ. மதலேனம்மாள்
(கையொப்பம்)