துரையின் முழங்கால்

7 ஜூன் 1943, திங்கள்

ஜட்காக்காரர் நாயும் செத்துப்போயிற்று. நான் முழங்காலைத் திறந்து தைத்த நாய்களில் இதுவரை ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கதை. தையல் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் பிடிக்கிறது, அப்புறம் காய்ச்சல். ஆயுதங்களைக் கொதிக்க வைக்கிறேன். கார்பாலிக் தண்ணீரில் தோல் உரிகிற அளவுக்குக் கை கழுவுகிறேன். வேறு என்னதான் செய்யட்டும்?

எங்கள் கால்நடை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் ஜானகிராமன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குக் கைராசி இல்லை, மிஸ்டர் நாகேந்திரன்." காம்பவுண்டர் சம்பத்தும் கூடச் சிரித்தான். பற்றிக்கொண்டு வந்தது.

8 ஜூன்

காட்டுப்பாக்கத்திலிருந்து அங்கம்மா என்று ஓர் அம்மாள், நாயை இடுப்பில் தூக்கிக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள். வண்டிச் சக்கரம் ஏறி முழங்கால் சில்லு இரண்டாகியிருக்கிறது. வெள்ளை நாய், பெயர் துரையாம். "வெள்ளையா கீறான், யாரு சொன்னாலும் கேக்க மாட்டான், அதான் சார் துரைன்னு வெச்சேன்" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. புருஷன் இல்லாதவள், ஆடு மேய்த்துப் பிழைக்கிறாள். "இவன் பட்த்துட்டா என் குட்டிங்க அத்தினியும் நரிக்குத்தான் சார்."

நாளைக்கு ஆபரேஷன். வழக்கம்போல வாசலில் வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். அங்கே நாவிதர் வேம்புலி முதல்நாளே காலைச் சிரைத்துவிடுவார். ஆஸ்பத்திரிக்குள் சவரக்கத்தியை யாரும் தொடுவதில்லை, அவரையும் உள்ளே விடுவதில்லை.

9 ஜூன்

ஆபரேஷன் நடக்கவில்லை.

குளோரோபாம் கொடுப்பதற்கு முன் துரையின் காலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தோலெல்லாம் பொடிப்பொடியாகக் கத்திக் கீறல். ராத்திரி முழுக்க நக்கியிருக்கிறது. சில கீறலில் சீழ்முனை வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. நான் எவ்வளவு கொதிக்க வைத்து என்ன? நான் கத்தி வைக்கிற இடத்திலேயே அழுக்கு காத்திருக்கிறது! மூட்டுக்குள் ஒரு துளி போனால் போதாதா? செத்த நாய்களின் காலிலும் இப்படித்தான் இருந்திருக்குமோ? நான் ஏன் பார்க்கவில்லை?

கீறல் ஆறின பிறகு வா என்றதும் அங்கம்மா கத்தித் தீர்த்தாள். "தூக்கிகினு அலையறதுக்கு நான் இன்னா வண்டி மாடா?"

வேம்புலியிடம் கேட்டேன். "நாயி உதறுது சார், கத்தி பட்டுடுது. மனுசன் மாதிரி கம்முனு குந்துமா?" அவர் சொல்வது நியாயம்தான்.

10 ஜூன்

மேஜைமேல், மயங்கின பிறகு சிரைத்தால் உதறாது, நக்காது. இதற்கு ஒரு மூளை வேண்டுமா!

17 ஜூன், வியாழன்

கீறல் ஆறி வந்த துரை மேஜைமேல் மயங்கியதும் சம்பத்திடம் சவரக்கத்தியை நீட்டினேன். பின்வாங்கிவிட்டான். "நான் காம்பவுண்டர் சார். அந்த வேலைக்கு வேற ஆள் பாருங்க." வேம்புலியை உள்ளே கூப்பிடலாம் என்றால் அதற்கும் முகம் சுளிக்கிறான். சீழைத் துடைக்கிற கைக்கு மயிரை எடுத்தால் என்ன கேடு?

நானே சிரைத்தேன். ஜன்னலில் தலைகள், சிரிப்பு. சிரிக்கட்டும். சோப்பு, டிங்சர், பிறகு கத்தி. சில்லை வெள்ளிக் கம்பியால் சேர்த்துக் கட்டினேன்.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் அடியை அறுத்த ஓலைக்கூடையை மாட்டியதற்கு அங்கம்மாவோடு சண்டை. "நாயி நாக்குலயே மருந்து கீது சார், கயட்டுங்க அத்த." கூடையைக் கழற்றினால் இந்தப் பக்கம் வராதே என்று கத்திவிட்டேன். பயந்துபோனாள். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

18 ஜூன்

பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டு, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு கேட்டார்: "பட்டம் வாங்கினது நாய்க்குச் சிரைக்கிறதுக்கா? ஆஸ்பத்திரிக்கு ஒரு மரியாதை இல்லையா?" கீறல், சீழ், மூட்டு எல்லாம் விளக்கினேன். காது குடைந்துகொண்டிருந்தார். இனி பழையபடி மரத்தடியில்தானாம். மீறினால் மேலே எழுதுவாராம்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? வெட்கமாயிருக்கிறது.

1 ஜூலை

தையல் பிரித்தேன். காய்ந்த, சுத்தமான தழும்பு! ஒரு சொட்டு சீழ் இல்லை. துரை நாலு காலையும் ஊன்றி நின்று என் வேட்டியைக் கடிக்க வந்தது. அங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள்.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நாட்டு நாய் எதையும் தாங்கும்" என்று போய்விட்டார்.

14 ஜூலை

பருத்திப்பட்டுக் குயவர் நாய். முழங்கால். மரத்தடியில் சிரைத்து வந்தது. தள்ளிப்போடக் கேட்டேன், பெரிய டாக்டர் விடவில்லை. அவரே அறுத்தார்.

19 ஜூலை

குயவர் நாய் செத்தது. பெரிய டாக்டர் "விதி" என்றார். விதியாம்!

2 ஆகஸ்ட், திங்கள்

காலையில் பெரிய டாக்டர் தம் வீட்டு ஸ்பானியலைத் தாமே தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பெண் செல்லமாய் வளர்க்கிற நாய். முழங்கால் சில்லு விலகி நொண்டுகிறது. மேஜையில் படுக்க வைத்தேன். காலைப் பார்த்தேன். ஒரு மயிர்கூட எடுக்கவில்லை.

"மரத்தடிக்கு அனுப்பவில்லையா சார்?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

சம்பத்தை வெளியே போகச் சொல்லி, கதவைத் தாமே சாத்தினார். என் முகத்தைப் பார்க்காமல், "இதுக்கு மட்டும் நீங்களே மேஜைமேல பண்ணிடுங்க" என்றார்.

அப்படியானால் அன்றைக்கு நான் சொன்னது புரிந்திருக்கிறது. புரிந்தும்தான் குயவர் நாயை அறுத்தார். கத்தியை அவர் கையிலேயே கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மயங்கியதும் சிரைத்தேன். கம்பி கட்டி, தைத்து முடித்தபின் கேட்டேன்: "நாளைக்கு வேம்புலி வீட்டு நாய் வருகிறது. அதற்கும் முழங்கால்தான். அதையும் மேஜையில் வைத்தே பண்ணலாமா?"

"அது வேற" என்றார்.

சாயங்காலம் வேப்பமரத்தடிக்குப் போனேன். நாயை இன்றைக்குச் சிரைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள் என்று வேம்புலியிடம் சொன்னேன். "பெரியவரு கோச்சுக்க மாட்டாரா சார்?" என்றார். கோபித்துக்கொள்ளட்டும் என்றேன்.