பதிவேட்டில் ஏறாத பசை

கொலம்பஸ், ஒஹாயோ
3 மார்ச் 2008

அன்புள்ள லேலண்ட்,

நல்ல செய்தி. நமக்குக் கல்யாணமான புதிதில் விவசாயி கெஸ்லரின் வயலில் வடிகால் வெட்டியபோது தோண்டி எடுத்தோமே, மூஸ் மானின் பங்காளி, பனிக்காலத்தோடு பூண்டற்றுப் போன பிராணி. அதன் விலா எலும்புக்கு வயது ஆறாயிரம்தானாம்! பதின்மூவாயிரம் இருக்கும் என்றல்லவா எல்லாரும் நினைத்திருந்தோம்? அப்படியானால் பனிக்காலம் முடிந்து பல்லாயிரம் ஆண்டுகள் அது உயிரோடு திரிந்திருக்கிறது! ஆய்வுக்கூடத்தார் தொலைபேசியில், “ஏம்மா, எலும்புல எதையாச்சும் பூசிகீசி வச்சிருக்கீங்களா?” என்றார்கள். “லேலண்ட் எழுதின பதிவேடுங்க. அதுல இல்லன்னா எலும்புலயும் இல்ல” என்றேன். கட்டுரை 20ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. மூன்று முறை கை நழுவிய பேராசிரியர் பதவி இனி எனக்குத்தான். நம்மைப் பிரித்ததும் உன் ஒழுங்கு. இன்று எனக்கு வாழ்வு தருவதும் அதுவே.

கோரின்

பீட்டர்ஸ்ஃபோர்க்
5 மார்ச் 2008

அன்பிற்குரிய கோரினுக்கு,

கட்டுரையை உடனே நிறுத்துமாறு வேண்டுகிறேன். பிழை என்னுடையது.

1983 ஆகஸ்ட் 11 அன்று நீ சாப்பாடு வாங்க ஊருக்குள் சென்றிருந்தாய். வெயில் பட்ட விலா எலும்புகள் என் கண்ணெதிரே வெடிக்கத் தொடங்கின. உரிய பூச்சு கைவசம் இல்லை. தச்சுக்கடையில் மாட்டுத்தோல் பசை வாங்கிக் காய்ச்சிப் பூசினேன். கெஸ்லர் வரப்பில் நின்று, “என்ன தம்பி, நாற்காலிக்கா கால் ஒட்டுற?” என்று சிரித்தார். விதியை மீறிய வெட்கத்தால் பதிவேட்டில் எழுதவில்லை. நேற்று இறந்த மாட்டின் பசை பழைய எலும்பில் ஊறினால், கணிப்பில் வயது குறைந்தே தோன்றும்.

‘எதையும் எழுதி வைக்காதவள்’ என்று உன்னைப் பன்னிரண்டு ஆண்டுகள் குற்றம் சாட்டினேன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் இதை மறைத்தே வைத்திருந்தேன்.

அதே பிராணியின் குதிகால் எலும்பு, அன்று போட்ட மாவுக்கட்டுடன், இங்கே எங்கள் அருங்காட்சியகக் கிடங்கில் இன்னும் பிரிக்கப்படாமல் உள்ளது. அதில் பசை படவில்லை. இத்துடன் அனுப்பியுள்ளேன். கேட்பவர் எவராயினும் என் பெயரைச் சொல்.

லேலண்ட்

கொலம்பஸ்
28 ஏப்ரல் 2008

லேலண்ட்,

உன் கடிதம் கிடைத்த அன்று முழுக்க உன்னைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். குதிகாலின் முடிவு இன்று வந்தது: பன்னிரண்டாயிரத்து எண்ணூறு. எல்லாருக்கும் தெரிந்த வயதுதான். பதவி இந்த ஆண்டும் இல்லை. ஆனாலும் மூச்சு சீராக வருகிறது. அச்சேறிய பின் வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் ஊர் சிரித்திருக்கும். பதவி என்ன, பெயரே மிஞ்சியிருக்காது.

துறைத்தலைவர், “யாரும்மா இப்படிச் சொதப்பினது?” என்று கேட்டார்.

“எலும்பு தூளாப் போகாம காப்பாத்தினவருதான்” என்றேன்.

கோரின்

பீட்டர்ஸ்ஃபோர்க்
2 மே 2008

அன்புள்ள கோரின்,

நாள், பசையின் வகை, பூசியவர் பெயர் ஆகிய மூன்றையும் இன்று காலை பதிவு செய்தேன். ‘இருபத்தைந்து ஆண்டுகள் தாமதம்’ என்றும் குறித்துக் கையொப்பமிட்டேன். பின்னர், காரணமின்றி, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அருங்காட்சியகக் காவலாளி ஓடிவந்தார்.

“என்ன சார், உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?”

“இப்பத்தான் சரியாச்சு” என்றேன்.

உன்
லேலண்ட்