இருவருக்கும் ஒரே முடிவு

மார்ச் 4
தம்பியோடு மறுபடி சண்டை. எங்கள் கண்ணாடிக் கடையில் முன்னால் நின்று பேசுகிறவன் நான். பின் அறையில் லென்ஸ் தேய்க்கிறவன் அவன். அச்சு அசல் இரட்டையர். சில நிமிஷம் முன்னால் பிறந்த தகுதியில் நான் அண்ணன்.

அப்பாவும் பெரியப்பாவும் குடல் புற்றுநோயில் போனவர்கள். மரபணுப் பரிசோதனை செய்து பாருங்கள் என்கிறார் டாக்டர்.

"எடுக்கறதுன்னா நீ எடு. எனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா தூங்க மாட்டேன்" என்கிறான் தம்பி.

"சரிடா. மூச்சு விடமாட்டேன்."

நானா! தெருவில் யாருக்குக் கண்புரை என்பதே என் வாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும்.

மார்ச் 9
ரத்தம் கொடுத்தேன். வீரனாகப் போய், ஊசியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 2
இருக்கிறது. அப்பாவின் கோளாறு எனக்கும் இருக்கிறது. வருஷா வருஷம் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாமாம்.

"இது உங்க தம்பியோட ரிசல்ட்டும்தான். ரெண்டு பேருக்கும் ஒரே மரபணு. முன்னாடியே சொன்னேனே?" என்றார் டாக்டர்.

சொல்லியிருப்பார். அப்போது நான் அவர் முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

சொன்னால் வாக்குத் தவறியவன். சொல்லாவிட்டால் — அவன் குடலில் ஏதாவது முளைத்துவிட்டால்? பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3
அவன் முன்னால் சாதாரணமாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 11
பிரமாதமாக நடிக்கிறேன். லென்ஸைத் தப்பாகத் தேய்த்தான், "பரவால்லடா" என்றேன். கனமான பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கி நானே தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஏப்ரல் 12
குட்டு உடைந்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"நல்ல ரிசல்ட்டா இருந்தா அன்னைக்கே தண்டோரா போட்டிருப்ப. இப்ப திட்டறதக்கூட நிறுத்திட்ட. எனக்கும் இருக்கு, அப்படித்தானே?"

"இல்லடா..." என்று ஆரம்பித்தேன். அழுதது நான்தான்.

"ஒண்ணே ஒண்ணுதானேடா உங்கிட்ட கேட்டேன்."

வாயைத் திறக்காமலே உளறியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். நல்லதோ கெட்டதோ எதுவானாலும் சொல்ல மாட்டேன்னு முதல்லயே அவன்கிட்ட சொல்லியிருக்கணும், நல்லது வந்தா ஓடி வந்து சொல்லலாம்னு நெனச்சேனே. மடையன். சுத்த மடையன்.

ஏப்ரல் 20
பேசவில்லை. எந்த வாடிக்கையாளருக்கு எந்த லென்ஸ் என்பதைக்கூடத் தன் மனைவியை அனுப்பி என்னிடம் கேட்டுக்கொள்கிறான்.

மே 6
எனக்குக் குழாய் விட்டார்கள். குடல் சுத்தம். சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது.

மே 27
"குழாய் டெஸ்டுக்குப் போறேன்னுட்டார். நீங்களும் வாங்க" என்று தம்பி மனைவி கூப்பிட்டாள். போனேன்.

அவன் குடலில் இரண்டு சின்னக் கட்டிகள். அங்கேயே எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் புற்றாக மாறியிருக்கும் என்றார் டாக்டர்.

மயக்கம் தெளிந்து படுத்திருந்தான். எதிரே நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். 'பார்த்தியா' என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

"பொழச்சிட்டேங்கறதால நீ செஞ்சது சரின்னு ஆயிடாது. நான் வேணாம்னு சொன்னேன்."

"ஆமாடா."

"கோபம் போகல."

தலையாட்டினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு தூங்கிப்போனான்.

அந்தக் கோபம் போக வேண்டாம். இன்னும் நாற்பது வருஷம் அவன் என் மேல் கோபமாகவே இருக்கட்டும்.