காலியாகத் தெரிந்த பக்கம்

என்னங்க,

உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் வாய் வருமா? கோபத்தோடுதான் எழுதுகிறேன். உங்கள் மேலா, என் மேலா என்று கேட்காதீர்கள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் நம் அழைப்புப் பத்திரிகை அடிக்கும் கடையை இப்போது நான்தான் நடத்துகிறேன். கல்யாணம், காதுகுத்து என்று ஆர்டர் வருகிறது. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸையும் லினக்ஸையும் போட்டு வைத்தீர்களே, ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்குமே, அதில் நான் விண்டோஸை மட்டும்தான் தொட்டேன். "கண்டவன் பென்டிரைவையும் சொருகற பக்கம் இது. லினக்ஸ் பக்கத்த நான் பாத்துக்கறேன், நீ போவாத" என்பீர்கள். போகவே இல்லை, போதுமா?

அந்தப் பக்கத்தில்தான் உங்கள் குரல் இருந்தது. தாய்மாமன் பெயர் விட்டுப்போனதென்று பாப்பாரப்பட்டிக்காரர்கள் கடைக்கே வந்து சண்டை போட்டார்கள் அல்லவா? அன்றிலிருந்து அச்சுக்குக் கொடுக்கும் முன் பத்திரிகை முழுவதையும் சத்தமாக வாசித்து, வீட்டுக்காரர்களைச் "சரிதானுங்க" என்று சொல்ல வைத்துப் பதிவு செய்துகொள்வீர்கள். உங்கள் ஃபோன் உங்களைக் கொண்டுபோன அந்த வண்டி விபத்திலேயே நொறுங்கிவிட்டது. மிச்சம் இருந்தது அந்தப் பதிவுகள்தான். கேட்டால் தாங்கமாட்டேன் என்று ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டேன்.

போன வாரம் விண்டோஸில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. பொம்மிடியிலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன்.

"அக்கா, பாதி டிஸ்க் சும்மா கெடக்குதுங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. ஃபார்மேட் பண்ணி இதோட சேத்துடட்டுங்களா?"

"சேத்துடுங்க" என்றேன். டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

மறுபடி ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் ஏதோ பிழை என்று நின்றது. அவர் எதையோ சரிசெய்தார். பிறகு நேராக விண்டோஸுக்குள் போனது. எது வேண்டும் என்று என்னைக் கேட்கவே இல்லை.

"அந்த இன்னொன்னு எங்கங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அக்கா, அதுல லினக்ஸா இருந்துச்சு? விண்டோஸுல பாத்தா அது காலியாத்தாங்க தெரியும்."

என் வாயாலேயே சொல்லி அழித்துவிட்டேன். அந்தக் காலி இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா? பாவி மனுஷா!

சேலத்தில் அழிந்ததை மீட்டுக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறாராம். டிஸ்க்கைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நம் ஜெனியும் கூட வந்தாள். அப்பா குரல் மறந்துபோகிறது என்று அவள் சொன்னது போன மாதம்தான்.

"கெடைக்கலாம், கெடைக்காமயும் போவலாமுங்க" என்றார் சேலத்துக்காரர். "எந்த ஃபைல் முக்கியம்? பேர் சொன்னீங்கன்னா அத மொதல்ல தேடறேன்."

"யார் வூட்டுக் கல்யாணமா இருந்தாலும் சரிங்க" என்றேன்.

இந்த முறை தள்ளிப்போட மாட்டேன். ஒன்றே ஒன்று கிடைத்தாலும், பெரியப்பா சித்தப்பா பெயர்வரை நானும் ஜெனியும் உட்கார்ந்து முழுசாகக் கேட்போம். சத்தியம்.

உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா