நீ விழுங்கிய கடைசிச் சொல்

சீட்டில் இன்னும் விபூதி வாசம் அடிக்கிறது. நாலு வருஷமாக என் வீட்டு வல்லக்கோட்டை முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த சீட்டு. நீ கொடுத்து வைத்தது. போன செவ்வாய்க்கிழமை படத்தைத் துடைக்க இறக்கினேன், காலடியில் விழுந்தது. எடுத்துப் படித்தேன்.

ஆமாம் மச்சான், படித்தேன். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அறுபத்தேழு வயதில் சாயங்காலம் ஆனால் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். 'ழ' மட்டும் எனக்கு எட்டு நாள் தண்ணி காட்டியது. இப்போது பஸ் வந்தால் போர்டை உரக்கப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். "பெருசு, ஏறு, இன்னா பரீட்சையா எழுதற?" என்கிறான் கண்டக்டர். 'இங்கே சிறுநீர் கழிக்காதே' என்று சுவரில் இருந்தால் அதையும் நின்று முழுசாகப் படித்துவிட்டுப் போகிறேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் உன் சீட்டையும் எழுத்துக் கூட்டினேன். இது. பொன்னுக்கு. வீங்கி. நீ அன்று எனக்குப் படித்துக் காட்டியது அப்படியே இருந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தது. சின்னச் சொல்.

'இது பொன்னுக்கு வீங்கி அல்ல.'

கீழே இன்னும் இரண்டு வரி. 'வலி இல்லாவிட்டாலும் ஆபத்து. உடனே சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும்.'

மூன்று முறை படித்தேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். புதிதாகப் படிக்கிறவனுக்கு முதலில் தன்மேல்தான் சந்தேகம் வரும். பாடப் புத்தகத்தை எடுத்து அதில் இருக்கிற 'அல்ல'வுக்குப் பக்கத்தில் சீட்டை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.

உன் இடது காதுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. "வலிக்குதாடா?" என்று கேட்டால், "பேத்தி பொறந்தா குடுக்கலாம்னு கொழுக்கட்ட ஒளிச்சி வெச்சிக்கீறேன் மச்சான்" என்பாய். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நான்தான் நச்சரித்து உன்னைப் பிள்ளைப்பாக்கத்திலிருந்து பெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். உன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. அதனால் நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்டரம்மா வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். பல்லைக் காட்டச் சொன்னார். கன்னத்தை உப்பச் சொன்னார். நீ கம்பெனி கேட்டில் லாரிக்கு விசில் ஊதுகிற மாதிரியே உப்பினாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவர் நிறையப் பேசினார், உன் முகம் மாறியது. இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"இன்னாடா சொன்னாங்க?"

நீ சீட்டைப் பிரித்தாய். ஐந்தாவது வரை படித்தவன், ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரல் வைத்துப் படித்தாய். "இது பொன்னுக்கு வீங்கி. அவ்ளோதான், கெளம்பு."

"இன்னும் இன்னாவோ எழுதிக்கீதே?"

"கஞ்சி சூடா குடிக்கணுமாம். புளி ஆவாதாம்."

உன் விரல் மூன்றாவது சொல்லில் நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாலாவது சொல்லையும் என் இரண்டு கண்ணும் பார்த்தன. பார்த்து என்ன செய்ய? எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

பொன்னுக்கு வீங்கி என்றால் நம் ஊரில் என்ன செய்வார்கள்? பெயரிலேயே பொன் இருக்கிறது. கழுத்தில் பொன் போட்டால் இறங்கிவிடும் என்பார்கள். உன் பெண்டாட்டி தன் ஒரே சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். உன் கழுத்தில் கொக்கியை மாட்டியது இந்தக் கைதான், இப்போது எழுதுகிற இதே கை. தெருவே சிரித்தது. "இன்னா வாட்ச்மேனே, மறுபடியும் கண்ணாலமா?" நீ மீசையை முறுக்கி, "பொண்ணு நீயே பாரு" என்றாய். எல்லாரையும் விட நான்தான் பெரிதாகச் சிரித்தேன்.

வெறும் மஞ்சள் கயிற்றோடு நின்று அவள் தினமும் என்னிடம் கேட்பாள். "எறங்குதா அண்ணே?" "எறங்குது தங்கச்சி" என்பேன். இறங்கவில்லை. நானும் பொய்தான் சொன்னேன். ஆனால் நோய் இன்னதென்று தெரியாமல் சொன்ன பொய்.

நீ தெரிந்து சொன்னாய். சீட்டை என்னிடம் தந்தபோது என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "என் வூட்ல வேணாம் மச்சான், பொண்ணு எல்லாத்தையும் கொடைவா. நீ சாமி படத்தாண்ட வெச்சிக்கோ." உன் பெண் அப்போது எட்டாவது படித்தாள், ஒரு நொடியில் படித்திருப்பாள். என்னை நம்பித் தருகிறாய் என்று நான் பெருமையாக வாங்கிக்கொண்டேன். தினமும் அதற்கும் சேர்த்து விபூதி போட்டேனடா. நீ தேடியது நம்பிக்கையான ஆளை இல்லை. எழுத்துத் தெரியாத ஆளை. அதை நினைத்தால் இப்போதும் அழுத்தி எழுதிவிடுகிறேன். பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

ஏன் என்று தெரிந்துகொள்ள மறுநாளே சீட்டோடு டாக்டரம்மாவிடம் போனேன். அவருக்கு உன்னை ஞாபகம் இருந்தது.

"விசில்காரர்தானே? அது எச்சில் சுரப்பியில வந்த கட்டி, பெரியவரே. அந்த வகை அபூர்வமா வரும். பொன்னுக்கு வீங்கின்னா காய்ச்சல் இருக்கும், வலிக்கும், சில நாள்ல தானா வத்திடும். வலிக்காம ஒரே பக்கம் வளர்ற கட்டியைத்தான் சந்தேகப்படணும். ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷ்ல ஒண்ணு, வீட்ல படிச்சுக் காட்டத் தமிழ்ல ஒண்ணு எழுதினேன்."

"அப்பவே போயிருந்தா பொழச்சிருப்பானாம்மா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். அறுத்து எடுத்திருக்கலாம், வாய்ப்பு இருந்தது. ஆனா முகத்து நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளதான் ஓடுது. ஆபரேஷன்ல வாய் கோணிப் போகலாம்னு சொன்னேன். அப்புறம் எப்படிம்மா விசில் ஊதறதுன்னு கேட்டார்."

அதுதானா? விசில் இல்லாவிட்டால் கேட் வேலை இல்லை, அதுதானே பயம்? என்னிடம் சொல்லியிருந்தால் உன் கம்பெனி சூப்பர்வைசர் காலில் விழுந்திருப்பேன். உன்னை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். கடைசியில் என்ன ஆனது? கத்தி படாமலேயே வாய் கோணியது. தூங்கும்போது இடது கண் மூடவில்லை. ஒருநாள் கேட்டில் லாரி வந்து நின்றது. நீ ஊதினாய், காற்று ஒரு பக்கமாகப் புஸ்ஸென்று போனது. டிரைவர் சிரித்தான். நீ உதட்டை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஊதினாய். அதற்கப்புறம் நாம் சென்னைக்குப் போனதும், முற்றிவிட்டது என்று அவர்கள் கையை விரித்ததும் உனக்கே தெரியும். பொன்னுக்கு வீங்கிதான் முற்றிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நேற்று உன் வீட்டுக்குப் போய் சீட்டைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டினேன். உன் பேரைக் காப்பாற்றலாம் என்று ஒரு சொல்லைக்கூட விட்டுப் படிக்கவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்போ என் சங்கிலி மேல தப்பில்லையா அண்ணே? பொன்னு கொஞ்சம் கனமா இருந்திருந்தா எறங்கியிருக்கும்னு இத்தினி நாளும் நெனச்சிக்கினு கீறேன்."

கேட்டாயா? நீ விழுங்கிய ஒரு சொல் நாலு வருஷமாக அவள் தொண்டையில் நின்றிருக்கிறது.

இப்போது தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். தமிழில் இருந்தால் படித்துச் சொல்கிறேன். கடைசிச் சொல்லைத்தான் முதலில் பார்க்கிறேன், பிறகுதான் மேலே போகிறேன். யாருக்காவது கழுத்தில் வீக்கம் என்றால் முதலில் கேட்பது, "வலிக்குதா?" வலிக்கவில்லை என்றால் விடுவதில்லை, இழுத்துக்கொண்டு போகிறேன். உன் சீட்டு இனி சாமி படத்துக்குப் பின்னால் இருக்காது. என் சட்டைப் பையில் இருக்கும்.

பிறந்ததிலிருந்து நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுதி முடிக்க நாலு நாள் ஆனது. விரலை வைத்து மெதுவாகப் படி. இது மன்னிப்புக் கடிதம் அல்ல. கடைசிச் சொல்லையும் சேர்த்துப் படி.